மென்மண் குன்றின் கதவுகள்

அந்தக் குன்றில் பாறை கிடையாது. குன்றே ஒரே பாறைதான் என்பது வேறு விஷயம். கண்ணால் பார்க்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் குன்றுக் குடியிருப்பு நிர்வாகக் குழுவின் சாசனத்தில், இரண்டாம் பக்கம் நான்காம் வரியில், ‘நிலம்: மென்மண். வானிலை: மிதமானது’ என்று அச்சாகியிருந்தது. மனை விற்றவன் விளம்பரத்துக்காக எழுதிய வரி அது. வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். ஏமாந்தவர்கள் ஒன்றுகூடிக் குழு அமைத்தார்கள். அமைத்த கையோடு, தங்களை ஏமாற்றிய வரியை எடுத்துத் தங்கள் சாசனத்திலேயே ஏற்றிக்கொண்டார்கள். ஏமாந்ததை ஒப்புக்கொள்வதைவிட ஏமாற்றை விதியாக்கிக்கொள்வது கௌரவம் என்று நினைக்கும் மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே அவர்களுக்கு லெட்டர்பேடும் முத்திரையும் இருந்தன.

குன்றில் நூற்று முப்பத்திரண்டு வீடுகள். வீட்டுக்கு ஒரு தானியங்கிக் கதவு. ரிமோட்டை அமுக்கினால் பக்கவாட்டில் உருண்டு திறக்கும் கனத்த இரும்புக் கதவு. கையால் தள்ளித் திறப்பது குடியிருப்பின் தரத்துக்கு இழுக்கு என்று குழு தீர்மானம் போட்டிருந்தது. அந்தக் கதவுகளைப் பதினெட்டு வருடம் ஒரு மெக்கானிக் பழுது பார்த்தார். அவர் இறந்தபின் அவர் மகன் பதினோரு வருடமாகப் பார்த்துவருகிறான். இந்தக் கதை மகனைப் பற்றியது. மெக்கானிக் என்றே வைத்துக்கொள்வோம். குன்றில் யாரும் அவனை வேறு விதமாக அழைத்ததில்லை.

பாறைமேல் கதவு போடுவது விளையாட்டில்லை. கதவு உருளும் தண்டவாளத்தைப் பாறையில் துளைபோட்டு ஆழமாக இறுக்க வேண்டும். வெடிப்புகளில் இறங்கும் தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து உப்பி, பாறைச் சில்லைத் தூக்கும். சில்லு தண்டவாளத்தைத் தூக்கும். கதவு பாதி வழியில் நின்று, மோட்டார் மூச்சுத் திணறிப் புகையும். கோடையில் இரும்பு நீண்டு முட்டும். காற்றடித்தால் கதவுப் பலகை பாய்மரம்போல் புடைத்துப் பல்சக்கரத்தை ஒடிக்கும். இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான்: துளைபோடும் எந்திரத்தைக் கொண்டுவந்து, தூக்கிய பாறையைச் செதுக்கி, போல்ட்டை முழங்கை ஆழத்துக்கு இறக்குவது.

ஆனால் குன்றுக்குள் அனுமதிக்கப்பட்ட கருவிகளின் பட்டியலில் மண்வெட்டி மட்டுமே இருந்தது. மென்மண்ணுக்கு எந்திரம் எதற்கு?

ஆகவே மெக்கானிக் பதினோரு வருடமாகத் தகட்டை அடியில் சொருகியும், தண்டவாளத்தை அரத்தால் ராவியும் ஒட்டுப்போட்டே ஓட்டினான். ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் பழுதுக்கான காரணங்கள் ஆறு: உரிமையாளரின் அலட்சியம், குழந்தைகள், விருந்தினர் வாகனம், வளர்ப்புப் பிராணி, மெக்கானிக்கின் தவறு, காரணம் தெரியவில்லை. எதில் குறியிடுவது என்று ஆரம்பத்தில் குழுவுக்குள் தகராறு வந்தது. எழுத்தர் அதற்கு வழி கண்டுபிடித்தார். காரணங்கள் ஆறு, வேலை நாள்கள் ஆறு. திங்கட்கிழமைப் பழுது உரிமையாளரின் அலட்சியம், செவ்வாய் குழந்தைகள், இப்படியே சனிக்கிழமை வரை. ஞாயிற்றுக்கிழமை கதவுகள் பழுதாக அனுமதியில்லை. எழுத்தர் குறியிடுவார், மெக்கானிக் ‘வேலை முடிந்தது’ என்ற இடத்தில் மட்டும் கையெழுத்துப் போடுவான். அந்தப் படிவத்தின் தலையும் வாலும் அவனுக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

அவனுக்குப் புரிந்த எழுத்து வேறு இடத்தில் இருந்தது. மோட்டார் மூடியின் உள்பக்கத்தில் தேதி, பழுது, காரணம் மூன்றையும் அழியாத மையில் ஒரே வரியில் எழுதிவைப்பது அவன் அப்பாவின் வழக்கம். அடுத்து மூடியைத் திறக்கிறவன் ஏமாறக் கூடாது, அவ்வளவுதான். அப்பா பதினெட்டு வருடம் எழுதினார்; கீழே மகன் தொடர்ந்தான். மூடியைத் திறந்தால் ஒரு குடும்பத்தின் கையெழுத்து வரிசையாக நிற்கும். அதில் ஒரு பொய் கிடையாது.

வினை நாற்பத்தேழாம் வீட்டில் ஆரம்பித்தது.

கதவு பத்தொன்பது நாளாகத் திறக்கவில்லை. மெக்கானிக்கும் அவன் மச்சினனும் விடிந்ததிலிருந்து தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். ஊசி ஊசியாகப் பனிமழை காற்றோடு வந்து காதில் குத்தியது.

“மாமா, என் கையில விரல் இருக்கான்னு பாருங்க. எனக்குத் தெரியல.”

“எண்ணிப் பாரேன்.”

“எண்ணுறதுக்கும் விரல் வேணுமே!”

மதிலின் மேலே ஒரு டை தெரிந்தது. பிறகு அதைக் கட்டிய மனிதர் தெரிந்தார். நாற்பத்தேழாம் வீட்டுக்காரர் ஒரு வங்கியில் மேலாளர். பத்தொன்பது நாளாக ஏணி வைத்து மதிலேறித்தான் வேலைக்குப் போகிறார். கார் உள்ளே தூங்குகிறது.

“என்னப்பா, இன்னைக்காவது திறக்குமா?”

“பாறையை ரெண்டு விரக்கடை செதுக்க விட்டா இன்னைக்கே திறந்துடும் சார்.”

“உஷ்!” அவர் மதில்மேல் உட்கார்ந்தபடியே அக்கம்பக்கம் பார்த்தார். “அந்த வார்த்தையை வெளியில சொல்லாத. பக்கத்து வீட்டை வாங்க ஆள் வந்திருக்கு. என் மனைக்கும் நாளைக்கு விலை வேணுமில்ல?”

“விழுந்துடாதீங்க சார், அந்தப் பக்கம் பாற...” என்ற மச்சினன், “மென்மண் இருக்கு” என்று முடித்தான்.

அவர் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

வங்கி மேலாளர் ஒருவர் சாசனத்தின்மேல் விழுந்து கை முறிந்தது குழுவுக்கு எட்டியது. புதிதாக வந்திருந்த செயலாளர் நேரில் பார்வையிட வந்தார். முந்தின செயலாளர்கள் யாரும் காரை விட்டு இறங்கியதில்லை, இவர் இறங்கினார். இறங்கியதோடு நிற்காமல் கழற்றி வைத்திருந்த மூடியையும் எடுத்துப் பார்த்தார்.

“தண்டவாளம் தூக்கிவிட்டது. காரணம் பாறை. பல்சக்கரம் முறிந்தது, காரணம் காற்று. தண்டவாளம் தூக்கிவிட்டது, காரணம் பாறையும் உறைபனியும்...” அவர் குரல் வரிக்கு வரி ஒடுங்கியது. “யாரு இதெல்லாம் எழுதினது?”

“மேல இருக்கறது எங்க அப்பா சார். கீழ நான்.”

“எல்லா வீட்டு மூடியிலயுமா?”

“ஒண்ணு விடாம சார்,” என்றான் மெக்கானிக் பெருமையாக. பாராட்டப்போகிறார் என்று நினைத்துவிட்டான்.

செயலாளர் ஒன்பது நாள் செலவழித்து நூற்று முப்பத்திரண்டு மூடிகளையும் திறந்து படித்தார். குழுவின் வரலாற்றில் யாரும் எதையும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. அவருடைய அறிக்கை இப்படி முடிந்தது: ‘பாறை என்ற சொல் முந்நூற்றுப் பதினெட்டு இடங்களில் காணப்படுகிறது. காற்று தொண்ணூற்றேழு. உறைபனி நூற்றுப் பன்னிரண்டு. மென்மண் என்ற சொல் ஓரிடத்திலும் காணப்படவில்லை. இது திட்டமிட்ட செயல்.’

விசாரணை வெள்ளிக்கிழமைக்கு வைக்கப்பட்டது. “திங்கக்கிழமை வச்சிருந்தா வீட்டுக்காரங்க மாட்டியிருப்பாங்க மாமா. நம்ம நேரம்,” என்றான் மச்சினன்.

குழுவின் கூட்ட அறையில் நல்ல கதகதப்பு. சுவரில் வானிலைமானி தொங்கியது. வெளியே மாட்டியவை மூன்றும் காற்றில் பறந்துவிட்டதால் நான்காவதை அறைக்குள் ஹீட்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். அது தினமும் தவறாமல் ‘மிதமானது’ என்று காட்டி வந்தது.

தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. அவர் தொண்டையைச் செருமினால் எழுத்தர் அதையும் குறிப்பேட்டில் எழுதுவார்.

“நான் முப்பத்தாறு வருஷம் பதவியில இருந்தவன்,” என்று ஆரம்பித்தார். “ஒரு கோப்பைக்கூடப் பிரிச்சுப் பார்த்ததில்ல. பிரிக்காமலே முடிவெடுப்பேன். பிரிச்சா உள்ள என்ன இருக்கும்? விவரம் இருக்கும். விவரம் தெரிஞ்சவனால முடிவெடுக்க முடியுமா? குழம்பிடுவான். அதனாலதான் இந்த மோட்டார் மூடிகளையும் இத்தனை வருஷம் நாங்க திறக்கல. அதை அலட்சியம்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அது நிர்வாகம்.”

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்தக் குழுவை மிஞ்ச மாடுகளாலும் முடியாது. மாடாவது ஈ உட்கார்ந்தால்தான் ஆட்டும்.

சாட்சியாக நாற்பத்தேழாம் வீட்டுக்காரர் வந்தார். கையில் மாவுக்கட்டு.

“உங்க வீட்டு வாசல்ல நிலம் எப்படி?” என்று கேட்டார் செயலாளர்.

“ரொம்ப மென்மைங்க. பஞ்சு மாதிரி. விழுந்தாக்கூட அடிபடாது.”

“கை எப்படி முறிஞ்சுது?”

“அது எனக்கு வீட்லயே இருக்கற பழக்கங்க.”

எழுத்தர் பதிந்துகொண்டார். மெக்கானிக் அந்த மனிதரின் முகத்தையே பார்த்தான். இவருடைய கதவுக்காகத்தான் பத்தொன்பது நாள் பனியில் படுத்துக் கிடந்தோமா என்று நினைத்தான். மேலாளர் வானிலைமானியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப தர்க்கத்துக்கு வருவோம்,” என்றார் தலைவர். “சாசனப்படி இந்தக் குன்றில பாறை இல்ல. ஆனா செயலாளர் நேர்ல போய் வாசல்ல பாறையைப் பார்த்திருக்கார். அவர் பொய் சொல்ல மாட்டார். சாசனமும் பொய் சொல்லாது. அப்ப என்ன அர்த்தம்? இல்லாத இடத்துக்குப் பாறையை யாரோ கொண்டுவந்து வச்சிருக்காங்க! எங்கெல்லாம் பாறை இருக்கோ அங்கெல்லாம் போனது யாரு? இந்த மெக்கானிக். அவனுக்கு முன்னாடி? அவன் அப்பன். வேலை ஓயாம கிடைக்கணும்னு இருபத்தொன்பது வருஷமா அப்பனும் மகனும் பாறை இறக்கியிருக்காங்க.”

“சார், நூத்து முப்பத்திரண்டு வீட்டுக்கும் அடியில போற பாறையை நாங்க எப்படிச் சார் தூக்கிட்டு வர முடியும்? எங்ககிட்ட இருக்கறது ஒரு ஸ்கூட்டர்!”

“எத்தனை தடவையா கொண்டு வந்தாங்கன்னு குழு கேட்கல,” என்றார் தலைவர் பெருந்தன்மையோடு.

எழுத்தர் தீர்மானத்தை வாசித்தார். இருபத்தொன்பது வருடப் பழுதுகள் அனைத்துக்கும் காரணம் மெக்கானிக்கின் தவறு, தந்தையும் மகனுமாக. அவர்கள் வைத்த பாறையை மகன் அகற்ற வேண்டும். அதற்காகத் துளைபோடும் எந்திரத்தைக் குன்றுக்குள் கொண்டுவர முப்பது நாள் அனுமதி தரப்படும். தவற்றை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். மறுத்தால் நுழைவு அட்டை ரத்து.

மச்சினன் அவனை வெளியே தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். கண்கள் பளபளத்தன.

“மாமா! எந்திரத்துக்கு அனுமதி குடுத்துட்டாங்க! பதினோரு வருஷமா கேட்டு நாக்கு தள்ளிப்போன விஷயம். கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடுங்க. முப்பது நாள்ல ஒவ்வொரு கதவையும் ஒழுங்காப் பண்ணிடலாம்.”

“நீ பாறையை வச்சியா?”

“இல்ல.”

“நான்?”

“என்ன மாமா...”

“எங்க அப்பா?”

மச்சினன் இல்லையென்று தலையசைத்தான்.

“அவரு கை விறைச்சுப்போயிருந்தாலும் மூடியில அந்த ஒரு வரியை எழுதிட்டுத்தான் எந்திரிப்பாரு. எழுத முடியலன்னா பேனாவை வாயில வச்சுச் சூடு பண்ணுவாரு. அவரைத் திருடன்னு நான் எழுதிக் குடுத்துட்டு, அதே மூடிக்குள்ள அவரு எழுத்துக்குக் கீழ நான் எதை எழுதுறது?”

“செத்தவருக்குத் தெரியவா போகுது மாமா?”

“எனக்குத் தெரியும்ல.”

உள்ளே போனான். பெரிய பேச்சு ஒன்றும் பேசவில்லை. அவனுக்குப் பேசவும் வராது. நுழைவு அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தான்.

“பாறை எங்களோடது இல்ல சார்,” என்றான். வந்துவிட்டான். தலைவரைப் பார்த்துக் கும்பிடாமல் வெளியேறிய முதல் ஆள் அவன்தான் என்று குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

குழு தளர்ந்துவிடவில்லை. முதலில் மூடிகளில் உள்ள எழுத்துகளை வெள்ளையடித்து மறைக்கத் துணைக்குழு அமைத்தார்கள். பெயின்ட் வாங்கும்போது சாசனத்தைப் பார்த்து, மிதமான வானிலைக்கு உரிய பெயின்டாக வாங்கினார்கள். அடித்த மூன்றாம் நாள் உறைபனியில் அது அப்பளமாக உரிந்தது. எங்கெங்கே எண்ணெய்ப் பிசுக்கோ அங்கேதான் முதலில் உரியும்; கை பட்ட எழுத்துகளின் மேல்தான் பிசுக்கு. வெள்ளைக்கு நடுவே ‘பாறை’ என்ற சொல் மட்டும் பளிச்சென்று நின்றது.

அடுத்து வெளியிலிருந்து மெக்கானிக்குகளைக் கூப்பிட்டார்கள். கதவு வேலை தெரிந்த எவனும் தொலைபேசியில் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “தரை எப்படிங்க?” எழுத்தர் சாசனப்படி “மென்மண்” என்பார். வருகிறவன் மண்வெட்டியும் சிமென்டுமாக வருவான். ஒரு கொத்து கொத்துவான். மண்வெட்டி ‘டங்’ என்று துள்ளி அவன் முழங்காலையே தேடி வரும். ஒருவன் சிரித்துக்கொண்டே போனான். ஒருவன் சொல்லிவிட்டுப் போனதை எழுத்தர் பதியவில்லை.

அப்புறம் பெரிய குளிர் வந்தது. ஒரே வாரத்தில் எழுபத்து மூன்று கதவுகள் நின்றன. கதவு திறந்த நிலையில் நின்ற வீட்டுக்காரர்கள் திருட்டுக்குப் பயந்து உள்ளேயே இருந்தார்கள். கதவு மூடிய நிலையில் நின்ற வீட்டுக்காரர்கள் வேறு வழியில்லாமல் உள்ளேயே இருந்தார்கள். தலைவர் வீட்டுக் கதவு பாதியில் நின்றது. அவர் பக்கவாட்டில் நுழைந்து பார்த்தார், வயிறு இடம் கொடுக்கவில்லை. அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், உறுப்பினர்கள் இந்தப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். வானிலை மிதமாக இருப்பதாக முதல் தீர்மானம் நிறைவேறியது. காகிதம் பறந்துவிட்டதால் இரண்டு முறை நிறைவேற்ற வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை எழுத்தர் குன்றிலிருந்து நடந்தே இறங்கி மெக்கானிக்கின் வீட்டுக்கு வந்தார். கதவுக்கு வெளியே நின்று மணியைத் தேடினார்.

“தள்ளுங்க சார்,” என்று மெக்கானிக்கின் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். “எங்க வீட்டுக் கதவு கையால தள்ளினாலே திறக்கும்.”

உள்ளே வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பையிலிருந்து உறையை எடுத்தார்.

“உங்களுக்கு நல்ல சேதி தம்பி. குழு இறங்கி வந்திருக்கு. எந்திரம் கொண்டு வரலாம். முப்பது நாள் கணக்கெல்லாம் இல்ல, எப்பவும் கொண்டு வரலாம். சாசனத்துல கை வைக்க முடியாது, அதனால ஒரு புதுச் சொல் சேர்த்திருக்கோம்: கெட்டிப்பட்ட மென்மண். மூடியில நீங்க இனிமே அதை எழுதிக்கலாம்.”

மச்சினன் மூலையில் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான்.

“எங்க அப்பா பேர்ல போட்ட தீர்மானம் என்ன ஆச்சு?” என்று கேட்டான் மெக்கானிக்.

“அதான் முக்கியமான விஷயம்! அதை ரத்து பண்ணியாச்சு. தீர்மானமே ஒரு பழுதுன்னு முடிவு பண்ணி, முறைப்படி அதுக்கும் ஒரு படிவம் நிரப்பியாச்சு. பாருங்க.”

மெக்கானிக் வாங்கிப் படித்தான். பழுதான பொருள்: தீர்மானம். பழுது: தவறான முடிவு. காரணம்: நான்காம் கட்டத்தில் குறி. வளர்ப்புப் பிராணி.

“இது என்ன சார்?”

“கூட்டம் வியாழக்கிழமை நடந்துச்சு தம்பி,” என்றார் எழுத்தர், இதைக்கூட விளக்க வேண்டுமா என்பதுபோல. “எந்தப் பிராணின்னு கேட்டாங்க. தலைவர் வீட்டு நாய் விசாரணை அன்னைக்கு ரெண்டு தடவை குரைச்சுது, அதுல குழுவோட கவனம் சிதறிடுச்சுன்னு பதிஞ்சிருக்கோம். நாய்க்கு எச்சரிக்கைக் கடிதமும் போயிடுச்சு. உங்க அப்பா பேர் சுத்தமாயிடுச்சு. வாங்க, தலைவர் மூணு நாளா வாசல் தாண்டல.”

மெக்கானிக் படிவத்தை மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தான்.

“எங்க அப்பா மேல போட்ட பழியை எடுத்து ஒரு வாயில்லாத ஜீவன் தலையில வச்சிருக்கீங்க. அதை நான் நியாயம்னு வாங்கிக்கிட்டா, எனக்கும் அந்தக் கூட்டத்துல ஒரு நாற்காலி போட வேண்டியதுதான்.”

“நாய்தானே தம்பி!”

“நாய் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல சார். உங்க குன்றில நாங்க பார்த்த வரைக்கும் அது ஒண்ணுதான்.”

“அப்ப வர மாட்டீங்களா?”

“பாறையைப் பாறைன்னு சொல்லுங்க. தப்பு குழுவோடதுன்னு எழுதுங்க. அன்னைக்கே வர்றேன். இதான் காரணம். போய் இப்படியே சொல்லுங்க.”

“சொல்றேன், சொல்றேன்.” எழுத்தர் பையைத் துழாவி ஒரு புதுப் படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ‘மெக்கானிக் வர மறுத்தார்’ என்று எழுதினார். காரணத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ஆறு கட்டங்களையும் மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு இன்று என்ன கிழமை என்று மச்சினனிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, ‘காரணம் தெரியவில்லை’ என்பதில் அழகாகக் குறியிட்டார். படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார்.

அவர் தலை மறைவதற்குள் தொலைபேசி அடித்தது. புதுக் குரல், ஒரு பெண். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேட்டில் வீடாம். கதவு காலையிலிருந்து பாதியில் நிற்கிறதாம்.

“தரை எப்படிங்கம்மா?” என்றான் மெக்கானிக்.

“அதை ஏன் கேக்குறீங்க! பாறைங்க. சுத்தப் பாறை. கடப்பாரையே வளையுது. இந்த இடத்தை வாங்கி நாங்க ஏமாந்துட்டோம்.”

மெக்கானிக் கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். பிறகு மச்சினனைப் பார்த்து எந்திரத்தை எடு என்று கையைக் காட்டினான்.

“கிளம்பிட்டோம்மா,” என்றான்.